செத்த மீனைப் பற்றி வாயே திறக்காதே என்றார்கள்

தலைமைப் பொறுப்பேற்று, பேசுகிறவர்களின் நேரம் முடியும்போதெல்லாம் மேசை மணியின் மேல் கையை வைத்து, அடிக்க மனம் வராமல் மறுபடியும் எடுத்துக்கொள்ளும் பெருந்தன்மைக்குரிய நூலகர் அம்மையார் அவர்களே,

இந்தச் சின்ன மேடையில் தோளோடு தோள் இடித்து, இடம் போதாமலும் இன்முகம் மாறாமலும் வீற்றிருக்கும் வணிகர் சங்கப் பெரியோர்களே,

எனக்கு முன் பேசி, எதிர்காலத்துக்கு வேண்டிய திறன்கள் என்று ஒரு நீண்ட வரிசையை மூச்சுவிடாமல் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கும் பயிற்சி நிலைய இயக்குநர் அவர்களே,

பெற்ற பிள்ளையை முன்வரிசையில் உட்கார வைத்து, அவன் கைபேசியைப் பிடுங்கித் தன் கைப்பைக்குள் சிறை வைத்திருக்கும் தாய்மார்களே, உள்ளே வரவும் மனமில்லாமல், வீட்டுக்குப் போகவும் வழியில்லாமல் வாசலோரம் நிற்கும் தந்தையரே,

எல்லாருக்கும் மேலாக, வேலை வேண்டும் என்று வந்து, வேலையைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பற்றிக் காலையிலிருந்து கேட்டுக் களைத்திருக்கும் இளைஞர்களே, இளம்பெண்களே, உங்கள் அனைவரையும் வணங்கி என் பேச்சைத் தொடங்குகிறேன்.

ஒலிபெருக்கிக்காரத் தம்பி, கொஞ்சம் குறையுங்கள். என் குரலே எனக்கு அடுத்த வீட்டுச் சண்டை மாதிரிக் கேட்கிறது. ம், போதும்.

அன்பிற்குரியவர்களே, இந்த வேலைவாய்ப்பு முகாமின் விழாக் குழுவினர் என்னிடம் 'உற்சாகமூட்டும் உரை' ஒன்று கேட்டார்கள். மன்னிக்க வேண்டும். நான் எரிச்சலோடு வந்திருக்கிறேன். கத்துகிற கோபம் அல்ல. கேட்டதையே கேட்டு, பார்த்ததையே பார்த்து, எழுதியதையே எழுதி அலுத்துப்போன ஒரு செய்தியாளனின் எரிச்சல். யார் மேல் என்று கேட்கிறீர்களா? ஒருவர் விடாமல் எல்லார் மேலும். ஆகவே யாரும் தனியாக வருத்தப்பட வேண்டாம்.

காலையில் இந்த மண்டபத்து வாசலில், பெயர் பதிவு செய்யும் மேசையில் என்னைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்தார்கள். வருகிறவர்களிடம் நான் கேட்க வேண்டியது ஒரே கேள்வி. உங்களுக்கு என்ன செய்யத் தெரியும்? அவ்வளவுதான். ஒரு நாட்டு இளைஞர்கள் அத்தனை பேரும் கலந்து பேசி வைத்துக்கொண்டதுபோல் ஒரே பதில் வந்தது. "ஒண்ணும் தெரியாது சார்." கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒரு தம்பி வந்தார். அதோ, தூண் பக்கம் தலையைக் குனிந்துகொள்கிறாரே, அவரேதான். நிமிர்ந்து உட்காருங்கள் தம்பி, உங்களைத் திட்டப்போவதில்லை.

"என்ன பண்றீங்க தம்பி?" என்றேன்.

"சும்மாதான் சார் இருக்கேன்."

"காலையில எழுந்ததுலருந்து படுக்குற வரைக்குமா?"

"சாயங்காலம் மட்டும் பசங்களோட ஃபுட்பால் சார்."

"நல்லா ஆடுவீங்களா?"

"நான் ஆடமாட்டேன் சார். டோர்னமெண்ட் நடத்துவேன்."

கேட்டுப் பார்த்தேன். எட்டுத் தெரு, எட்டு அணி. மைதானத்துக்கு அனுமதி வாங்குவது இவர். எந்த அணி எப்போது ஆட வேண்டும் என்று வகுப்பது இவர். மழை வந்தால் மாற்றி அமைப்பது இவர். அடிபட்டவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போவது இவர். நடுவராக யாரைப் போடுவீர்கள் என்று கேட்டேன். அதற்கு இந்தத் தம்பி சொன்னதை நான் அப்படியே சொல்கிறேன். "ரெண்டு டீமுக்கும் பிடிக்காத ஆளாப் பாத்துப் போடுவேன் சார். அப்பத்தான் பிரச்சனை வராது."

சிரிக்கிறீர்கள். பெரிய பெரிய நாடுகள் கூடிப் பேசும் இடங்களில் இந்த ஒரு விஷயம் புரியாமல் எத்தனை பேச்சுவார்த்தை முறிந்திருக்கிறது என்று நான் எழுதிக் களைத்திருக்கிறேன். ஆனால் பக்கத்தில் நின்ற அவர் தாயார் என்ன சொன்னார்? "அதெல்லாம் ஒரு வேலையா சார்? வெட்டியா ஊர் சுத்துறான்."

தாயே, எது வெட்டி? எட்டுத் தெருவை ஒரு மைதானத்தில் நிறுத்துவது வெட்டியா? அடிக்க ஓங்கிய கையை அணைத்துப் பிடிப்பது வெட்டியா? மழையைப் பார்த்ததும் மாற்று வழி பார்ப்பது வெட்டியா? இதையே ஒருவன் கழுத்தில் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு செய்தால் எழுந்து நின்று வணக்கம் சொல்வீர்களே, உங்கள் மகன் செருப்புக் காலோடு செய்வதால் அது வெட்டியாகிவிட்டதா?

கை தட்ட வேண்டாம். கை தட்டினால் அடுத்து நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

ஏனென்றால் இதற்கு நேரெதிரான இன்னொரு நோய் இருக்கிறது. செய்வதைச் சொல்லத் தெரியாமல் சுருங்கிப்போவது ஒரு நோய் என்றால், செய்யாத அளவுக்கு ஊதிப் பெருக்குவது அடுத்த நோய். தெருவில் பந்தாட்டம் நடத்துகிறேன் என்று சொல்ல வேண்டிய பிள்ளையைப் பிடித்து, 'விளையாட்டுத்துறை நிகழ்வு ஒருங்கிணைப்பு ஆளுமை' என்று எழுதிக்கொடுத்து அனுப்புகிறார்கள். இயக்குநர் ஐயா, நீங்கள் இல்லை. நான் உங்களைச் சொல்லவில்லை. நீங்கள் தண்ணீர் குடியுங்கள்.

இந்த இரண்டாவது நோய் என் சொந்தக் குடும்பத்துக்குள் வந்து, ஒரு பெண்ணின் வேலைக்கு உலை வைக்கப் பார்த்தது. அதைச் சொல்லத்தான் வந்தேன். அவள் என் தங்கை மகள். சொல்லட்டுமா என்று அவளிடமே கேட்டேன். "சொல்லுங்க மாமா, பேர் மட்டும் வேண்டாம்" என்றாள். வீட்டில் அவளைச் 'சின்னது' என்று கூப்பிடுவோம். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

மூன்றாம் மாடியில் இரண்டு அறை வீடு. என் தங்கை கணவர், நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுபவர், பேருந்து ஓட்டுநர். தங்கை வீட்டிலிருந்தே ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுப்பவள். மூத்த மகள் வங்கியில் வேலை. 'பெரியவ பேங்க்ல இருக்கா' என்று சொல்லும்போது மாப்பிள்ளைக்கு நெஞ்சு ஓர் அங்குலம் விரியும். 'சின்னது?' என்று கேட்டால் விரிந்த நெஞ்சு அப்படியே உள்ளே போய்விடும். பள்ளிப் படிப்பு முடிந்தது. மேலே படிக்க மதிப்பெண் போதவில்லை. "சும்மாதான் இருக்கா மச்சான்" என்பார்.

சும்மா இருந்தவள் என்ன செய்தாள்? மீன் வளர்த்தாள். அக்காவும் அவளும் படுக்கும் அறையில், ஜன்னலுக்குக் கீழே மூன்று கண்ணாடித் தொட்டிகள். குழாய்த் தண்ணீரில் மருந்து கலந்திருக்கும், நேராக ஊற்றினால் மீனுக்கு ஆகாது என்று, வாளிகளில் பிடித்துக் குளியலறையில் ஆற வைப்பாள். விடியலில் வேலைக்குக் கிளம்பும் மாப்பிள்ளை அதில் காலை விடுவார். "இது வீடா, குளமா?" என்று அவர் போடும் சத்தத்தில்தான் அந்தக் கட்டடமே கண் விழிக்கும்.

தொடக்கத்தில் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கடையில் ஓர் ஆரஞ்சு நிற மீனைப் பார்த்து மயங்கி வாங்கி வந்தாள். கடைக்காரர் சொன்னார், கொஞ்ச நாள் தனியாக வைத்துப் பார், பிறகு மற்றதோடு விடு என்று. அழகாக இருக்கிறதே என்ற அவசரத்தில் நேராகத் தொட்டியில் விட்டாள். அதோடு நிற்கவில்லை. அந்தத் தொட்டியில் போட்ட அதே வலையை அடுத்த தொட்டியிலும் போட்டாள். ஒரு வாரத்துக்குள் மூன்று தொட்டியும் காலி. ஒன்று மிச்சமில்லை.

அழுதாள். அழுது முடித்துவிட்டு, ஏன் செத்தன என்று தேடினாள். அதன் பிறகு அந்த அறையில் ஒரு சட்டம் வந்தது. புது மீன் எது வந்தாலும் முதலில் ஒரு சின்னத் தொட்டியில் தனியாக இருக்க வேண்டும். தொட்டிக்கு ஒரு வலை. ஒரு தொட்டி வலை இன்னொரு தொட்டிக்குப் போகக் கூடாது. கலந்துவிடாமல் இருக்க ஒவ்வொரு வலையிலும் அம்மாவின் தையல் பெட்டியிலிருந்து ஒவ்வொரு நிற நூல் கட்டினாள். சுத்தம் செய்வது என்றால் நன்றாக இருக்கும் தொட்டியில் தொடங்கி, நோய்ப்பட்ட தொட்டியில் முடிக்க வேண்டும். ஒருபோதும் திரும்பி வரக் கூடாது. "எங்க வீட்டுல மனுஷனுக்குக் காய்ச்சல் வந்தா ஒரு கஷாயம்கூடக் கிடையாது, மீனுக்கு ஐசியூ வச்சிருக்கா" என்று என் தங்கை தைத்துக்கொண்டே சொல்வாள்.

இப்படியிருக்க, ஒரு மருத்துவமனையில் ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, நீராவியில் கிருமி நீக்கி, பொட்டலம் கட்டி மேலே அனுப்பும் அறையில் உதவியாளர் வேலை. பள்ளிப் படிப்பு போதும். மாப்பிள்ளை அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "இந்த வேலை கிடைச்சா நல்லது. கிடைக்கலைன்னா அந்தக் கண்ணாடிப் பொட்டி மூணும் வீட்டை விட்டுப் போயிடணும். அதுங்களோட உட்கார்ந்துதான் இவ இப்படி இருக்கா."

ஆக, சின்னதுக்கு ஒரே நேர்காணலில் வேலையும் போகலாம், மீனும் போகலாம்.

மகளை அழைத்துக்கொண்டு ஒரு நேர்காணல் பயிற்சியாளரிடம் போனார் மாப்பிள்ளை. பயிற்சியாளர் பேனாவைத் திறந்தார்.

"ஹாபி என்னம்மா?"

"மீன் வளர்க்கிறேன் சார்."

"எத்தனை தொட்டி?"

"மூணு சார்."

அவர் எழுதினார்: 'நீர்வாழ் உயிரினச் சூழலமைப்பு மேலாண்மையில் பன்முக அனுபவம்.'

அன்பர்களே, சிரித்துவிடாதீர்கள், உங்களில் பாதிப் பேர் கையில் இருக்கும் விண்ணப்பத்தில் இதைவிட மோசமாக இருக்கிறது. நான் காலையில் பார்த்தேன்.

பிள்ளைக்கு மனசு கேட்கவில்லை. "சார், ஆரம்பத்துல எல்லாம் செத்துப்போச்சு சார். அதுக்கு அப்புறம்தான் நான் ஒழுங்கா..."

"அம்மா தாயே," என்றார் பயிற்சியாளர், "செத்த மீனைப் பத்தி வாயே திறக்காதே. தோல்வியெல்லாம் இன்டர்வியூல சொல்ற விஷயமா?"

வீட்டில் ஒத்திகை நடந்தது. நானும் இருந்தேன். ஓட்டுநர் சீருடையைக்கூடக் கழற்றாமல் மாப்பிள்ளை நாற்காலியில் கால்மேல் கால் போட்டு அதிகாரியாகிவிட்டார். "ம், சொல்லு." சின்னது கண்ணை மூடிக்கொண்டு அந்த ஒரு வரியைத் திக்காமல் சொல்லி முடித்தாள்.

"அப்படின்னா என்ன?" என்றார் மாப்பிள்ளை.

"தெரியலப்பா."

"தெரியாட்டி என்ன, கேக்க நல்லா இருக்கு."

"மாப்ள, மீன் வளர்க்கிறேன்னு சொன்னாப் போதாதா?" என்றேன்.

"மச்சான், நீங்க பேப்பர்ல எழுதுங்க. இன்டர்வியூ விஷயம் எங்களுக்குத் தெரியும்" என்றார். அவர் இதுவரை போன நேர்காணல் ஒன்றே ஒன்று. அதில் அவரை வண்டியைப் பின்னால் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தார், வேலை கிடைத்தது. தன் வாழ்க்கையில் வண்டியை ஓட்டிக் காட்டி வேலை வாங்கிய மனிதர், தன் மகளை வார்த்தையை ஓட்டிக் காட்டச் சொல்லி அனுப்பினார்.

நேர்காணல் நாள். மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவர் பணியாளர் பிரிவு அதிகாரி. மற்றவர் அந்தக் கிருமி நீக்கும் அறைக்குப் பொறுப்பான பெரிய சிஸ்டர். சின்னது வரியைச் சொன்னாள். அதிகாரிக்கு உண்மையிலேயே ஆவல் வந்துவிட்டது.

"அப்படியா? எந்த ஏரியில வேலை பாத்தீங்க?"

"ஏரி இல்ல சார்."

"மீன் பண்ணையா?"

"இல்ல சார்."

"சர்டிபிகேட் இருக்கா?"

"இல்ல சார்."

"பின்ன எங்கதாம்மா இருக்கு அந்தச் சூழலமைப்பு?"

"எங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ சார்."

அதிகாரி பேனாவை மூடினார். "பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும்மா. நீங்க போகலாம்." சிஸ்டர் அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

சொல்லுங்கள் பெரியோர்களே, அந்தப் பெண் பொய் சொன்னாளா? உண்மையைத் தவிர வேறு ஒன்றும் அவளிடம் இல்லை. அந்த உண்மைக்கு நாம்தானே வேஷம் கட்டினோம்? நாம்தானே பொடி பூசினோம்? பூசிய கைகள் வீட்டில் இருந்தன. மாட்டிக்கொண்ட முகம் அங்கே நின்றது.

அன்று மாலை என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை மீன் கடைக்காரருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார், ஞாயிற்றுக்கிழமை வந்து தொட்டிகளை எடுத்துக்கொள் என்று. தங்கை பயிற்சியாளரைத் திட்டினாள். மூத்தவள், "நான் அப்பவே சொன்னேன், அந்த ஏர் பம்ப்பு சத்தத்துல எனக்குத் தூக்கமே இல்ல" என்று தன் வழக்கைத் தனியாக நடத்தினாள். நானும் என் பங்குக்குப் பேசினேன். ஒருவர் பேசியது இன்னொருவர் காதில் விழவில்லை.

எவ்வளவு நேரம் கழித்து என்று தெரியவில்லை, சின்னதைக் காணோம். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். மாப்பிள்ளை கதவில் காதை வைத்தார். அவருக்குப் பின்னால் தங்கை. தங்கைக்குப் பின்னால் நான். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் வைத்தோம்.

அவள் மருத்துவமனைக்கு அழைத்து, பெரிய சிஸ்டரைக் கேட்டு வாங்கியிருக்கிறாள். நாங்கள் கேட்டது ஒரு பக்கம். மறுபக்கத்தை அந்தச் சிஸ்டரிடமே பிறகு நேரில் கேட்டுச் சரிபார்த்தேன். இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன்.

"சிஸ்டர், காலையில வந்தேனே, ஏரி கேட்டாரே, அந்தப் பொண்ணு."

"ம். சொல்லு."

"காலையில சொன்னது என் வார்த்தை இல்ல சிஸ்டர். நான் மீன் வளர்க்கிறேன். மூணு தொட்டி. அவ்ளோதான்."

"சரி. அதுக்கு இப்ப என்ன?"

"அதுல நான் என்ன பண்றேன்னு சொல்லவா? கொஞ்ச நேரம்தான்."

"சொல்லு. கையில வேலை இருக்கு, ஸ்பீக்கர்ல போட்டுட்டுக் கேக்கிறேன்."

சொன்னாள். ஆற வைத்த தண்ணீர், தனித் தொட்டி, நல்லதில் தொடங்கி நோயில் முடிப்பது, நூல் கட்டிய வலை, எல்லாவற்றையும் சொன்னாள். ஒரு பெரிய சொல் இல்லை. செய்வேன், வைப்பேன், கழுவுவேன், மாத்துவேன் என்று செயலாகவே சொன்னாள்.

"தொட்டிக்கு ஒரு வலை எதுக்கு?" என்று சிஸ்டர் கேட்டார்.

"முன்னாடி ஒரே வலைதான் வச்சிருந்தேன் சிஸ்டர். எல்லாம் செத்துப்போச்சு."

கதவுக்கு வெளியே மாப்பிள்ளை தலையில் கையை வைத்தார். "போச்சு. சொல்லிட்டா."

"யாரு தப்பு அது?"

"என் தப்புதான். தனியா வையின்னு கடைக்காரர் சொன்னாரு. நான்தான் கேக்கல."

அந்தப் பக்கம் சிஸ்டர் கை வேலையை நிறுத்திவிட்டு ஃபோனை எடுத்துக் காதில் வைத்தார். பிறகு, "இதை ஏன் காலையில சொல்லல?"

"சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க சிஸ்டர்."

"யாரு சொன்னா?"

"எல்லாரும்."

கதவில் ஒட்டியிருந்த மூன்று காதுகளும் மெல்ல விலகின.

"திங்கக்கிழமை வா," என்றார் சிஸ்டர். "வேலை தர்றேன்னு சொல்லல. மூணு மாசம் வச்சுப் பாக்கிறேன். அதிகாரிகிட்ட நான் பேசிக்கிறேன்."

கதவைத் திறந்து வந்தவளிடம் மாப்பிள்ளை, "மூணு மாசம்தானே? அதுவரைக்கும் தொட்டி இருக்கட்டும். அப்புறம் பாப்போம்" என்றார். அவர் அவ்வளவு தூரம் இறங்கி வந்ததே பெரிய விஷயம்.

என்னம்மா? பின்வரிசையில் பச்சைத் துப்பட்டா அணிந்த இளம்பெண் ஏதோ கேட்கிறார். 'வேலை நிரந்தரமாச்சா?' வருகிறேன், அங்கேதான் வருகிறேன். அம்மையார் மணியைத் தொட்டுவிட்டார், அதனால் வேகமாகவே வருகிறேன்.

அந்தக் கிருமி நீக்கும் அறைக்கு இரண்டு வாசல். ஒன்றில் இரத்தம் பட்ட கருவிகள் வரும். மற்றொன்றில் கிருமி நீங்கிய பொட்டலங்கள் போகும். அழுக்குப் பக்கம் நிற்கிறவர் கையுறையையும் மேலங்கியையும் மாற்றாமல் சுத்தமான பக்கம் போகவே கூடாது. சட்டம் அவ்வளவுதான். ஆனால் ஒன்றை நினைத்துப் பாருங்கள். சுத்தமான கத்தியும் கிருமி ஒட்டிய கத்தியும் கண்ணுக்கு ஒன்றுபோலவே மின்னும். அங்கே நடக்கும் தவறைப் பார்க்க முடியாது. செய்தவர் சொன்னால்தான் உண்டு.

மூன்று மாதம் முடியப்போகும் நேரம். அழுக்குப் பக்கம் கழுவிக்கொண்டிருந்த சின்னது, மேலே கிளம்பிய தள்ளுவண்டியில் ஒரு பொட்டலம் சரிவதைப் பார்த்தாள். இரண்டு எட்டு வைத்துப் போய்ப் பிடித்து நேராக்கினாள். திரும்பினாள். அதற்குள் வண்டி போய்விட்டது. கருவி கழுவும் தொட்டிக்குத் திரும்பி வந்த பிறகுதான் தன் கையைப் பார்த்தாள். கழுவுகிற கையுறை. ஈரத்தோடு. அதோடுதான் பொட்டலத்தைத் தொட்டிருக்கிறாள்.

யாரும் பார்க்கவில்லை. வேலை நிரந்தரமாகச் சில நாட்களே இருந்தன. சொன்னால் வேலை போகும். வேலை போனால் வீட்டில் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாக. மேலே ஒருவரை மேசையில் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுக்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டார் வெளியே நாற்காலிகளில் உட்கார்ந்திருந்திருப்பார்கள், உங்களைப் போல.

சுவரில் இருந்த தொலைபேசியை எடுத்து மேலே அழைத்தாள். "அந்த வண்டியைத் திறக்காதீங்க. ஒரு பாக்கெட்டை நான் ஈரக் கையுறையோட தொட்டுட்டேன். தப்பு என்னோடது. வேற செட் அனுப்புறோம்."

அறுவை சிகிச்சை நின்றது. மாற்றுக் கருவிகள் போகும்வரை மருத்துவர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்த பிறகு கீழே இறங்கி வந்தார்.

"யாரு அந்தப் பொண்ணு? இப்படித் தப்பு பண்ற ஆளை எதுக்கு வச்சிருக்கீங்க சிஸ்டர்?"

சிஸ்டர் எழுந்து நின்று சொன்னாராம்: "இங்க தப்பு பண்ணாத ஆள் யாரும் இல்ல டாக்டர், என்னையும் சேர்த்துத்தான். ஆனா பண்ணின உடனே ஃபோன் எடுத்த ஆளு இவ. இன்னிக்கு இவளை நான் அனுப்பிட்டா, நாளைக்கு இந்த ரூம்ல ஒருத்தரும் வாய் திறக்கமாட்டாங்க. அது உங்களுக்குப் பரவாயில்லையா?"

 மருத்துவர் சின்னதின் பக்கம் திரும்பி, "எந்தக் கை?" என்று மட்டும் கேட்டார். "வலது கை சார்." "ம்" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார்.

வேலை நிரந்தரமானது. ஏன் எடுத்தீர்கள் என்று சிஸ்டரை நான் கேட்டேன். "கழுவக் கத்துக் கொடுத்துடலாம் சார்," என்றார். "செத்துப்போச்சு, என் தப்புதான்னு அன்னிக்கு ஃபோன்ல சொன்னாளே, அதைக் கத்துக் கொடுக்க எனக்குத் தெரியாது."

அவையோரே, எந்த வரியை அழித்துவிட்டு அவளை அனுப்பினோமோ, அந்த வரிக்குத்தான் வேலை. எதை மறைக்கச் சொன்னோமோ, அதற்குத்தான் மதிப்பு. எதற்கு வெட்கப்பட்டோமோ, அதுதான் தகுதி.

இளைஞர்களே, உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன். சும்மா இருக்கிறேன் என்று சொல்லாதீர்கள். சும்மா இருப்பவர் இந்த மண்டபத்தில் எவரும் இல்லை. பழைய சைக்கிளைப் பிரித்துப் பூட்டுகிறாயா, பிரித்துப் பூட்டுகிறேன் என்று சொல். பூட்டிய பிறகு ஒரு திருகாணி மிச்சமானதா, மிச்சமானது என்று சொல். அந்தத் திருகாணி எங்கே போக வேண்டும் என்று எப்படிக் கண்டுபிடித்தாய், அதைச் சொல். தம்பி தங்கையைக் குளிப்பாட்டிக் கிளப்பிப் பள்ளிக்கு அனுப்புகிறாயா, அதைச் சொல். ஒருநாள் வலது கால் செருப்பு இரண்டைப் போட்டு அனுப்பினாயா, அதையும் சேர்த்தே சொல். பெரிய சொல் வேண்டாம், பொய்ச் சொல் வேண்டாம், பிறர் சொல் வேண்டாம். செய்ததைச் சொல், செய்யும்போது கெட்டதைச் சொல், கெட்டபின் திருந்தியதைச் சொல்.

தாய்மார்களே, தந்தையரே, உங்கள் பிள்ளை என்ன செய்கிறான் என்று யாராவது கேட்டால், பதில் சொல்லும் முன் ஒருமுறை அவன் அறைக்குள் போய்ப் பாருங்கள். திட்டுவதற்காக அல்ல, சும்மா பார்ப்பதற்காக. பயிற்சியாளர்களே, பிள்ளைகளின் வாயில் சொல்லைத் திணிக்கும் முன் அவர்கள் சொல்ல வந்ததை முழுதாகக் கேட்டுத் தொலையுங்கள். மன்னிக்க வேண்டும், கேட்டருளுங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டேன், என் எரிச்சல் மட்டும் இன்னும் தீரவில்லை. ஏன் தெரியுமா?

நிரந்தர ஆணையோடு சின்னது பணியாளர் பிரிவுக்குப் போனாள். அதே அதிகாரி. ஏரி கேட்டவர். அவளுடைய விவரங்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டே வந்தவர், 'முன் அனுபவம்' என்ற கட்டத்துக்கு வந்ததும், அவளைக் கேட்காமலேயே 'இல்லை' என்று அடித்தார்.

"சார், அதை மாத்துங்க சார்" என்றாள் சின்னது.

"எதைம்மா?"

"இல்லைன்னு போட்டிருக்கீங்களே. இருக்கு சார். மீன் வளர்த்திருக்கேன். முதல்ல எல்லாம் செத்துப்போச்சு. அதுக்கப்புறம் என் தப்பால ஒண்ணும் சாகல. அப்படியே போடுங்க."

"இதெல்லாம் எழுத அந்தக் கட்டத்துல இடம் இல்லம்மா."

சின்னது நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எழுத்தைச் சின்னதாக்குங்க சார். நான் வெயிட் பண்றேன்."

எழுதும்வரை அவள் எழுந்திருக்கவில்லை. அதற்குள் அவளுக்குப் பின்னால் வரிசை வாசல் தாண்டி நீண்டுவிட்டது.

அன்பர்களே, உங்கள் பொறுமைக்கும், சிரித்த இடத்தில் சிரித்ததற்கும், சுருக்கென்ற இடத்தில் எழுந்து போகாமல் இருந்ததற்கும் என் நன்றி. வாய்ப்பளித்த நூலகர் அம்மையாருக்கும், என்னை முறைக்காமல் இருக்க முயன்ற இயக்குநர் ஐயாவுக்கும், பந்தாட்டம் நடத்தும் அந்தத் தம்பிக்கும் தனித்தனியே நன்றி. பதிவு மேசை வெளியே இன்னும் திறந்துதான் இருக்கிறது. காலையில் 'ஒன்றும் தெரியாது' என்று சொல்லிப் பதிந்தவர்கள் தயவுசெய்து போய்த் திருத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள். வணக்கம்.